உழப்பும் உழைப்பும்

பள்ளி திறந்த முதல் வாரத்தில் எச்.எம். டீச்சர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் டைம்டேபிள் விரிந்து கிடந்தது. வெள்ளிக்கிழமையின் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்து, "இது ஒன்பதாம் கிளாஸ் லைஃப் ஸ்கில். டீச்சருக்குத் தமிழ் பீரியட் குறைச்சலல்லே? நீங்களே எடுத்தோ" என்றார். அவர் மலையாளி. என்னிடம் மட்டும் மரியாதைக்குப் பாதித் தமிழ் கலந்து பேசுவார். அந்த மரியாதைக்குக் கட்டுப்பட்டு நானும் தலையாட்டிவிட்டேன்.

திருவனந்தபுரம் நகரின் நடுவிலிருக்கும் அரசுப் பள்ளி எங்களுடையது. என் வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். அப்பாக்கள் தம்பானூர் பக்கத்து ஓட்டல்களிலும் சாலைக் கடைகளிலும் வேலை செய்கிறவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள். தமிழை நான் சொல்லிக்கொடுப்பேன். மற்றப் பாடமெல்லாம் மலையாளத்தில் நடக்கும். நான் பிறந்து வளர்ந்தது கரமனையில், அக்ரகாரத் தெருவில். என் வாயில் எப்போதாவது 'நன்னா இருக்கு' என்று நழுவிவிட்டால் வகுப்பே ஒரு வாரத்துக்கு 'நன்னா, நன்னா' என்று சொல்லிக்கொண்டு திரியும். அவர்களுடையது திருநெல்வேலித் தமிழ், அதற்குமேல் தாராளமாக மலையாளம் தெளித்தது. ஒருவர் தமிழை ஒருவர் கேலி செய்துகொண்டு நாங்கள் சுகமாகவே இருந்தோம்.

வாழ்க்கைத் திறன் பாடத்துக்காக எனக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். அங்கே எங்களைப் பலூன் ஊதச் சொன்னார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள், கடைசியில் ஒரு கையேடும் பிஸ்கட் பாக்கெட்டும் தந்து அனுப்பினார்கள். கையேட்டின் முதல் பாடம் 'தன்னை அறிதல்'. உன் பலம் என்ன, பலவீனம் என்ன என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். முதல் வெள்ளிக்கிழமை நான் அட்டைகளைச் சேகரித்துப் பார்த்தபோது பையன்கள் எல்லாரும் பலம் ஃபுட்பால், பலவீனம் கணக்கு என்று எழுதியிருந்தார்கள். பெண்கள் எல்லாரும் பலம் நட்பு, பலவீனம் கணக்கு. அடுத்த வாரம் 'மறுக்கப் பழகுதல்'. பிறர் நம் விருப்பமில்லாமல் ஒன்றைச் செய்யச் சொன்னால் பணிவாகவும் உறுதியாகவும் எப்படி மறுப்பது என்று அரை மணி நேரம் விளக்கிவிட்டு, "சரி, எல்லாரும் எழுந்து ஜோடி ஜோடியா நில்லுங்கோ" என்றேன்.

"மன்னிக்கணும் டீச்சர், எங்களுக்கு அதுல விருப்பம் இல்ல. நாங்க கிரவுண்டுக்குப் போறோம்" என்றாள் முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி. பணிவு, உறுதி, இரண்டிலும் குறை சொல்ல முடியாது. வகுப்பு கைதட்டியது. கிரவுண்டுக்கு விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மெலிந்த உடம்பு, இரட்டைப் பின்னல், வாய் மட்டும் ஓயாது. அவளுடைய அப்பா தம்பானூரில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மூன்றாவது வெள்ளிக்கிழமை அவள் வகுப்புக்குச் சற்றுத் தாமதமாக வந்தாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு டீச்சர். எங்க லைன்ல கடைசி வீட்டு அக்காவுக்கு வயித்து வலி. அவுங்களுக்கு மலையாளம் ஒண்ணும் அறியாது. எச்.எம். டீச்சர்ட்ட சொல்லிட்டுத்தான் போனேன்."

"நீ போய் என்ன செஞ்ச?"

"மாத்திச் சொன்னேன்."

டாக்டர் மலையாளத்தில் சொல்வதைத் தமிழிலும், அக்கா தமிழில் சொல்வதை மலையாளத்திலும் சொல்வதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. வேறு யாரெல்லாம் இப்படி மாற்றிச் சொல்லப் போவீர்கள் என்று கேட்டேன். தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். ரேஷன் கடையில், கரண்ட் ஆபீஸில், வாடகை வீட்டுக்காரரிடம், வங்கியில் என்று ஆளாளுக்கு ஒரு கதை இருந்தது. முதல் வகுப்பிலிருந்தே செய்கிறார்கள். கையேட்டை மூடி மேசைமேல் வைத்தேன். இவ்வளவு பெரிய வேலையைப் பார்க்கிற பிள்ளைகளிடம்தான் நான் பலூன் ஊதும் விளையாட்டுக்குத் திட்டம் போட்டிருந்தேன்.

அன்றே ஆரம்பித்தோம். ஒருவர் டாக்டர், மலையாளம் மட்டும் தெரியும். ஒருவர் நோயாளி, தமிழ் மட்டும் தெரியும். நடுவில் மாற்றிச் சொல்கிறவர். முதல் டாக்டர், "பனி உண்டோ?" என்று கேட்டார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நடுவில் நின்ற பையன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு நோயாளியிடம், "உங்க ஊர்ல பனி பெய்யுதான்னு கேக்காரு" என்றான். நோயாளி, "மார்கழில பெய்யும் சார்" என்றாள். பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள்.

சிரிப்பு அடங்கியபின் நான் ஒரு விதியை போர்டில் எழுதினேன். 'சொன்னதைச் சொல். கூட்டாதே, குறைக்காதே.'

இரட்டைப் பின்னல்காரி உடனே எழுந்தாள். "அது சரியாவாது டீச்சர்."

"ஏன்?"

"அப்படியே சொன்னா சண்டையாவும் கேட்டோ. வாடகை வீட்டுக்காரர் எங்க அம்மையத் திட்டுவாரு. அத அப்படியே சொன்னா அம்மை பதிலுக்குத் திட்டுவா. நான் ரெண்டுபேருக்கும் நடுவுல நின்னு, 'கொஞ்சம் பாத்து நடந்துக்கிடச் சொல்லுதாரு'ன்னு சொல்லுவேன். அம்மை 'சரின்னு சொல்லு'ம்பா. பிரச்சினை தீந்துச்சு."

"ஆஸ்பத்திரில?"

அவள் சற்றுத் தயங்கினாள். "ஏழாவது படிக்கும்போது அம்மைக்கு ஆபரேஷன்னு டாக்டர் சொன்னாரு. நான் ஒரு பெரிய ஊசி போடணுமாம்னு சொல்லிட்டேன். பயந்துருவால்லா. உள்ள கூட்டிட்டுப் போற வரைக்கும் ஊசின்னுதான் நெனச்சிட்டு இருந்தா."

தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்றும் சொல்ல முடியாது. "நீ ரொம்ப சின்னப் பிள்ளை அப்போ" என்றேன். "இப்ப ஒண்ணும் இல்ல டீச்சர், அம்மை நல்லா இருக்கா" என்று அவள்தான் என்னைச் சமாதானப்படுத்திவிட்டு உட்கார்ந்தாள். போர்டில் எழுதிய விதிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மணியடித்ததும் வந்துவிட்டேன்.

ஓணப் பரீட்சை முடிந்தபின் கிளாஸ் பி.டி.ஏ. வந்தது. பெற்றோர் ஒவ்வொருவராக வந்து வகுப்பாசிரியையைப் பார்த்து மார்க் தெரிந்துகொண்டு போகும் நாள். வகுப்பாசிரியை கணக்கு டீச்சர். ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலிக்காரி. நல்ல மனசு. ஆனால் பேச்சு எக்ஸ்பிரஸ் வண்டிதான். சின்ன ஸ்டேஷனில் எல்லாம் நிற்காது. நான் பாட ஆசிரியை என்ற முறையில் அதே வகுப்பறையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

பரோட்டா மாஸ்டர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்தார். அகன்ற தோள், அமைதியான முகம். மகள் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "டீச்சரே, அப்பாவுக்கு மலையாளம் அறியில்ல. ஞான் பறஞ்ஞு கொடுக்காம்" என்றாள். அப்பாவுக்கு மலையாளம் தெரியாது, நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்கிறாள். அப்பா சும்மா நின்றார்.

கணக்கு டீச்சர் வண்டியை எடுத்தார். "கிளாஸில் எப்போழும் சம்சாரமாணு" என்றார். எப்போதும் பேச்சுதான் என்று பொருள்.

மகள் அப்பாவிடம் திரும்பி, "கிளாஸ்ல நான் நல்லா பேசுதேனாம்" என்றாள்.

அப்பா தலையசைத்தார்.

"ஹோம்வொர்க் செய்யாறே இல்ல. பறஞ்ஞு பறஞ்ஞு ஞான் மடுத்து." ஹோம்வொர்க் செய்வதே இல்லை, சொல்லிச் சொல்லி நான் அலுத்துவிட்டேன் என்கிறார்.

"ஹோம்வொர்க் பத்தியும் சொல்லுதாங்க."

"என்ன சொல்லுதாங்க?"

"நெறைய சொல்லுதாங்கப்பா. பொதுவா."

எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஓரக்கண்ணால் ஒருமுறை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் எதுவும் இல்லை. 'நீங்களும் மாற்றிச் சொல்கிற தொழில்காரிதானே' என்கிற மாதிரி இருந்தது. எழுந்து போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் ஓர் அப்பாவின் முன்னால், ஓர் ஆசிரியையின் முன்னால், அந்தப் பெண்ணின் முகம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் நான் போர்டில் எழுதிய விதி என்ன ஆகும்? யோசித்துக்கொண்டிருக்கும்போதே கணக்கு டீச்சர் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டார்.

"கணக்கில் பயங்கர உழப்பாணு" என்றார்.

உழப்பு என்றால் மலையாளத்தில் அக்கறையில்லாமல் பொழுதைக் கழிப்பது. மகள் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

"கணக்குல பயங்கர உழைப்பாம் ப்பா."

நான் குனிந்து மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோலத் தேடினேன். தமிழ் சொல்லிக்கொடுத்த இத்தனை காலத்தில் ஒரு 'ஐ'காரம் இவ்வளவு வேலை செய்து நான் பார்த்ததில்லை. நிமிர்ந்தபோது அப்பா, "அப்படியா, சந்தோஷம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

கணக்கு டீச்சருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். கணக்கில் தோற்கிற பிள்ளையின் அப்பா இவ்வளவு சந்தோஷப்பட்டு அவர் பார்த்ததில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே, "இவளெ வக்கீலாக்கணும். ஜட்ஜி கேஸ் விட்டு ஓடிக்கோளும்" என்றார்.

இவளை வக்கீலாக்க வேண்டும், ஜட்ஜ் கேஸை விட்டுவிட்டு ஓடிவிடுவார். மகள் அதை மாற்றிச் சொல்வதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா சிரித்துவிட்டார். அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வெடித்த சிரிப்பு, தோள் இரண்டும் குலுங்கியது.

மகள் திறந்த வாயோடு அவரைப் பார்த்தாள். "அப்பா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்கு டீச்சரிடம், எங்கள் ஊர்க்காரர் யாரும் குறை சொல்ல முடியாத மலையாளத்தில், "எத்ர காலமாயி டீச்சரே ஞான் இவிடெ! டீச்சர் பறஞ்ஞதும் கேட்டு, மோள் பறஞ்ஞதும் கேட்டு" என்றார். எத்தனை காலமாக இங்கே இருக்கிறேன், டீச்சர் சொன்னதும் கேட்டது, மகள் சொன்னதும் கேட்டது என்கிறார்.

கணக்கு டீச்சருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. என்னைப் பார்த்தார். உழப்பு, உழைப்பு என்று நான் இரண்டு சொல்லையும் சொல்லிக் காட்டியதும் மேசையில் கையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். வரிசையில் நின்ற மற்றப் பெற்றோரும் விஷயம் தெரியாமலேயே சிரித்தார்கள். சிரிக்காதவள் ஒருத்திதான். பின்னல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

அவளைத் தேடி நான் வராந்தாவுக்கு வந்தேன். அப்பாவும் வந்தார். அவள் கிரவுண்டின் மறுகோடியில் மரத்தடியில் நின்றிருந்தாள். "விடுங்க டீச்சர், ரெண்டு நிமிஷம் கழிச்சு வருவா" என்றார் அவர்.

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"மொதல்ல தெரியாதுதான் டீச்சர். வந்த புதுசுல எங்க போனாலும் இவதான் பேசுவா. இம்புட்டு உயரம் இருப்பா, ஆபீசர்ட்ட நிமிந்து நின்னு பேசுவா. எனக்கு அப்புறம் ஓட்டல்ல தானா வந்துருச்சு. வந்த பெறவு சொல்லிருக்கலாம். சொன்னா அந்த வேல அவகிட்ட இருந்து போயிருமேன்னு விட்டுட்டேன். அவ பேசுத பேச்சக் கேட்டுக்கிட்டே இருக்கலாம் டீச்சர். இன்னைக்கு என்னால முடியல."

அவளுடைய அம்மாவின் ஆபரேஷனைப் பற்றி அவள் வகுப்பில் சொன்னதை நான் மெதுவாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "பெரிய ஊசி! டாக்டர் சொல்லும்போது நான் பக்கத்துலதானே நிக்கேன். அன்னைக்கு ராத்திரியே அவ அம்மைட்ட விவரத்த சொல்லிட்டேன். பிள்ள நமக்காக யோசிச்சு ஒரு வார்த்த சொல்லிருக்கா, நீ ஊசின்னே நெனச்ச மாதிரி இருந்துக்கோன்னேன். அவளும் கடேசி வரைக்கும், ஊசி ரொம்ப வலிக்குமாட்டின்னு இவகிட்ட கேட்டுக்கிட்டே போனா."

மரத்தடியிலிருந்தவள் அதற்குள் பாதித் தூரம் வந்துவிட்டாள். அவர் படியிறங்கி எதிரே போனார். இரண்டு பேரும் கேட்டை நோக்கி நடப்பதைப் பார்த்தேன். அவள் கையை ஆட்டி ஆட்டி அவரைத் திட்டிக்கொண்டே போனாள். எந்த மொழியில் என்று அங்கிருந்து கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில் நுழைந்தபோது அவள் எனக்காகவே காத்திருந்தவள்போல எழுந்து நின்றாள். "டீச்சர், எங்க அப்பாவுக்கு மலையாளம் தெரியும்!"

"அதான் எல்லாருக்கும் தெரியுமேட்டி" என்றான் ஒருவன்.

"அம்மைக்கும் தெரிஞ்சிருக்கு! மலையாளம் இல்ல, ஆபரேஷன். ரெண்டுபேரும் சேந்து எங்கிட்ட நடிச்சிருக்காங்க. நான் அம்மை கையப் புடிச்சுக்கிட்டு, ஒண்ணும் இல்லம்மா, சின்னதா குத்தும், அவ்வளவுதான்னு சொல்லுதேன். அவ தலையத் தலைய ஆட்டுதா!" அவளுக்குக் கோபமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு ஜெயித்துவிட்டது. வகுப்பும் சேர்ந்துகொண்டது.

அப்புறம் அவள் போர்டைக் காட்டினாள். "டீச்சர், அன்னைக்கு எழுதுனத திரும்ப எழுதுங்க. பயந்துருவாங்கன்னு நெனச்சு நான்தான் கொறச்சுக் கொறச்சு சொன்னேன். அவுங்க ஒண்ணும் பயப்படல. நான்தான் பயந்திருக்கேன்."

எழுதினேன். ஆனால் கேள்விகள் தீரவில்லை. திட்டினால் திட்டையும் மாற்றிச் சொல்ல வேண்டுமா? வேண்டும், ஆனால் 'இது அவர் சொன்னது' என்று சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும் என்றது வகுப்பு. அம்மாவிடம் டாக்டர் கேட்கும் சில கேள்விகளை மகன் எப்படிக் கேட்பான் என்று ஒருவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அதற்கு நர்ஸ் யாராவது தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்கலாம், 'எனக்கு இது முடியாது' என்று டாக்டரிடமே சொல்லலாம் என்று தீர்மானித்தோம். 'மறுக்கப் பழகுதல்' பாடம் அங்கே தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியாக பி.டி.ஏ. பற்றிப் பேச்சு வந்தது. "சொந்த மார்க்க சொந்த அப்பாட்ட எவன்டா அப்படியே சொல்லுவான்? நம்மளக் கொண்டு முடியாது" என்றான் ஸ்கூல் ஃபுட்பால் டீமின் கோல்கீப்பர். அதில் மட்டும் மாற்றுக் கருத்தே இல்லை. அடுத்த முறை ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் மாற்றிச் சொல்வது என்று முடிவாயிற்று. யாருக்கு யார் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். கோல்கீப்பரின் அம்மாவுக்கு இரட்டைப் பின்னல்காரி. கோல்கீப்பர் முகத்தில் ஈயாடவில்லை.

அவனுடைய அம்மா கழக்கூட்டம் பகுதியில் புதிதாக எழும்பும் பெரிய கட்டடம் ஒன்றில் சித்தாள் வேலை பார்க்கிறவர். அதுவரை ஒரு பி.டி.ஏ.வுக்கும் வந்ததில்லை. மாற்றிச் சொல்ல ஆள் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கிறிஸ்துமஸ் பரீட்சைக்குப்பின் நடந்த கூட்டத்துக்கு அரைநாள் லீவு போட்டு வந்தார். குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மகன் அவர் பின்னால் வாசற்படியில் நின்றான். கோல்போஸ்ட்டைவிடச் சற்றே குட்டை.

இரட்டைப் பின்னல்காரி இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "சித்தி, டீச்சர் சொல்லுததை அப்படியே சொல்லுவேன். நீங்க சொல்லுததையும் அப்படியே சொல்லுவேன். நான் சொந்தமா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அதையே கணக்கு டீச்சரிடம் மலையாளத்திலும் சொன்னாள். கணக்கு டீச்சர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

சொன்னபடியே செய்தாள். மார்க், வராத நாட்கள், முதல் பீரியடில் தூக்கம், நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்த ஃபுட்பால் படங்கள், எதையும் விடவில்லை. வாசற்படியில் நின்றவன் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டே வந்தான். அம்மா முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நான் ஒண்ணு கேக்கலாமா டீச்சர்ட்ட?" என்றார்.

"கேளுங்க சித்தி."

"எம் மவன் கூட்டாளிகளோட நல்லா மலையாளம் பேசுதான். வெளையாட்டுக்கு அது போதும். கணக்குக்கு வேற மலையாளமா இருக்கும்போல, அது அவனுக்குப் பிடிபடல. இந்த டீச்சர் ரொம்ப வேகமா சொல்லிட்டுப் போயிருதாங்கன்னு வீட்ல வந்து சொல்லுதான். கொஞ்சம் மெதுவா சொல்லிக் குடுக்க முடியுமான்னு கேளு."

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்த முறை அது தொழில்காரி பார்வை இல்லை. நேருக்கு நேர் தன் கணக்கு டீச்சரிடம், நீங்கள் வேகமாகச் சொல்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்' என்று குழைத்துச் சொல்லி முடித்துவிட அவளுக்குத் தெரியாதா? நான் உதவிக்குப் போகவில்லை. போனால் அந்த வேலையை அவளிடமிருந்து பிடுங்கியதாகும்.

அவள் பின்னலைப் பின்னால் தள்ளிவிட்டாள். "இது இந்தச் சித்தி சொன்னது" என்று ஆரம்பித்து, கணக்கு மலையாளம் வேறு என்பதையும், வேகமாகச் சொல்கிறார் என்பதையும், மெதுவாகச் சொல்ல முடியுமா என்ற கேள்வியையும், ஒரு சொல் விடாமல் மலையாளத்தில் சொல்லி முடித்தாள்.

கணக்கு டீச்சர் அவளைப் பார்த்து, "ஞான் அத்ர ஸ்பீடாணோடீ?" என்றார். நான் அவ்வளவு வேகமா என்கிறார்.

"அது எனிக்குப் பறயான் பற்றில்ல டீச்சரே. ஞான் இப்போ மாற்றிப் பறயுந்ந ஆள் மாத்ரமாணு" என்றாள் அவள், முகத்தைத் துளியும் அசைக்காமல். அதை நான் சொல்ல முடியாது, இப்போது நான் மாற்றிச் சொல்கிற ஆள் மட்டுந்தான்.

கணக்கு டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தமக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களையும் திரட்டி, "மெதுவா... சொல்றேன். பையன்... தூங்க வேண்டா" என்றார். அதற்கு மாற்றிச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. அந்த அம்மாவின் முகம் அப்படி மலர்ந்தது.

"சரிம்மா. தூங்குனா எழுப்பி விடுங்க. நல்லா எழுப்பி விடுங்க" என்றார். வாசற்படியில் நின்றவன் கூரையைப் பார்த்தான்.

கணக்கு டீச்சர் ஒரு வாரம் மெதுவாகச் சொன்னார், இரண்டாவது வாரம் பழையபடி எக்ஸ்பிரஸ் ஆகிவிட்டார். அப்புறம் பிள்ளைகளும் அவரும் பேசி வைத்துக்கொண்டு, வேகம் கூடினால் யாராவது உள்ளங்கையைக் காட்டுவது என்று ஏற்பாடு செய்தார்கள். முதலில் காட்டப் பயந்தார்கள். பிறகு, பயம் தெளிந்து, வராந்தாவில் நடந்தால்கூட அவருக்குக் கையைக் காட்ட ஆரம்பித்தார்கள். ஸ்டாஃப் ரூமில் அவர் என்னிடம் கணக்குச் சொற்களுக்குத் தமிழ் கேட்பார். பின்னத்துக்குத் தமிழிலும் பின்னந்தான், வர்க்கமூலத்துக்கு வர்க்கமூலந்தான் என்று தெரிந்ததும் அவருக்குப் பெரிய சந்தோஷம். "பின்னெ எந்தினா இவரு பேடிக்குந்நது?" என்றார். பின்னே எதற்கு இவர்கள் பயப்படுகிறார்கள்? முக்கோணத்தில் மட்டும் கொஞ்ச நாள் மலையாளத் திரிகோணம் குறுக்கே வந்தது.

கோல்கீப்பர் வருஷக் கடைசியில் கணக்கில் தட்டுத் தடுமாறிக் கரையேறினான். இரட்டைப் பின்னல்காரியின் மார்க்கும் அப்படித்தான். ஆனால் அவள் அப்பா கூட்டத்துக்கு வந்து, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மலையாளத்தில் தாமே கேள்வி கேட்டார். நடுநடுவே அவள், "அப்பா, அது அப்படி இல்ல, இப்படிக் கேக்கணும்" என்று அவர் மலையாளத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் போனதும், எதிர்பார்த்ததுபோலவே, பொதுத்தேர்வைக் காரணம் காட்டி எச்.எம். டீச்சர் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு வருத்தந்தான், ஆனால் வாதாட என்னிடம் நியாயம் இல்லை. கணக்கில் அவர்கள் பலவீனம் எனக்கே தெரியும், அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த வாரமே வகுப்பின் சார்பில் நாலு பேர் எச்.எம். அறைக்குப் போனார்கள். யார் தலைமையில் என்று சொல்லத் தேவையில்லை. நான் ஸ்டாஃப் ரூமில் பரீட்சைத்தாள் கட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு ஒன்றையும் திருத்தாமல் இருந்தேன். வெகுநேரம் கழித்து கணக்கு டீச்சர் உள்ளே வந்து என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். எச்.எம். அவரையும் கூப்பிட்டனுப்பியிருக்கிறார்.

"என்னாச்சு?" என்று கேட்டேன்.

"ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு, ஒரு வெள்ளிக்கிழமை உங்களுக்கு" என்றார், இதற்குள் ஓரளவு பழகியிருந்த தமிழில். "அதுக்குப் பதிலா திங்கட்கிழமை காலையில சீக்கிரம் வந்து கணக்குப் போடுவாங்களாம். அவங்களே பறஞ்சது. எச்.எம். டீச்சர் ஒண்ணும் பறயான் முடியாம கையெழுத்துப் போட்டாச்சு."

"யார் பேசினா?"

"எல்லாரும். கோல்கீப்பர்கூடப் பேசினான், நம்புவீங்களா?" என்று சொல்லிவிட்டுக் கணக்கு டீச்சர் தம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும். மீன் எனக்கு ஆகாது என்று தெரிந்தவர், மூடியில் மரச்சீனியை மட்டும் எடுத்துவைத்து என் பக்கம் தள்ளினார். வராந்தாவில் பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது. முதல் வெள்ளிக்கிழமை யாருக்கு என்று தெரிந்துகொள்ள வருகிறார்கள்.